சிவப்பு மையில் ஒரு டிக்

போன வாரம் அப்பாவை நோட்டும் கையுமாக ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், மனுஷர் ஏழு நாளாக அங்கேயே நிற்கிறார். முதலில் அவரை வேலைக்கு அனுப்பிவிடலாம்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருடமாக ஒரே பள்ளி, ஒரே வழி. கூட இருக்கும் டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹாரன்’. அதைத் தொடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். குண்டாக இருப்பவனை ஒல்லி என்று கூப்பிடுவதில்லையா, அது மாதிரி.

அம்மா முன்னறையில் மெஷின் போட்டுச் சீருடை தைக்கிறாள். மூத்தவள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் மகள் வாண்டு, இரண்டாம் வகுப்பு, தாத்தாவின் பஸ்ஸில்தான் போய்வருகிறாள். சின்னவள் வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கிறாள்.

பள்ளிக்குப் புது நிர்வாகம் வந்ததும் ஒரு புதுச் சட்டமும் வந்தது. டிரைவர்களும் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். தேறினால்தான் அடுத்த வருடம் வேலை. தேர்வு நாளை, வெள்ளிக்கிழமை.

அதற்காக அப்பா ஆறு வாரமாக மாலை வகுப்புக்குப் போகிறார். வகுப்பு டீச்சருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தினமும் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு நேரச் சொல் இருக்க வேண்டும். சின்ஸ், ஃபார், ஆல்ரெடி, யெட், ஜஸ்ட், நெவர், இப்படி. புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. தன் வாழ்க்கையில் நடப்பதை மட்டும்தான் எழுத வேண்டும்.

“பொய் எழுதினா மனசுல ஒட்டாதுன்னு டீச்சர் சொல்றாங்க” என்று அப்பா முதல் நாளே வந்து சொன்னார். “அது சரி. ஆனா நேத்துன்னு எழுதவே கூடாதாமே? நடந்தது நேத்துதான். அதைச் சொன்னா தப்பாம். நேத்து என்ன பாவம் பண்ணிச்சு?”

“நேத்துன்னு சொல்லிட்டா அந்தக் கதை முடிஞ்சு போச்சுப்பா” என்றாள் சின்னவள். “இந்தப் பிரசன்ட் பர்ஃபெக்ட் அப்படி இல்ல. எப்பவோ ஆரம்பிச்சது, இன்னும் நடந்துட்டே இருக்கு. அதுக்குத்தான் இது.”

“அப்ப உங்க அம்மா என்னைத் திட்டறதை இதுலதான் எழுதணும்.”

“காதுல விழுது!” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

அப்படிச் சிரித்துச் சிரித்து ஆரம்பித்த நோட்டுதான்.

தினமும் இரவு எழுதி, அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அப்பா படுக்கப் போவார். சின்னவள் மறுநாள் வேலைக்கு நடுவே எடுத்துத் திருத்துவாள். திரும்ப ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிடுவாள். இருவரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை. நேரம் ஏது?

வியாழக்கிழமை காலை அப்பா நோட்டை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்து, திரும்ப ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தார். வாசல் நிலையில் இடது தோள் டங்கென்று இடித்தது.

“பத்தொன்பது வருஷமா பஸ்ஸை சந்துல திருப்பறவரு. வீட்டு வாசல்ல இடிச்சுக்கறாரு” என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. “போன வாரம் பஸ் கண்ணாடி, இந்த வாரம் தோளா?”

“கண்ணாடிய லாரிக்காரன் உரசினான்னு சொன்னேனே.”

“சரி சரி. லாரிக்காரன் நம்ம வீட்டுக்கும் வந்துட்டுப் போயிருக்கான் போல.”

அப்பா சிரித்தார். சின்னவளும் சிரித்தாள்.

*

சின்னவளின் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு வரும் ஃபோன் பேச்சுக்களைப் பதிவில் கேட்டு மார்க் போடுவது அவள் வேலை. வணக்கம் சொன்னார்களா, டிக். பெயர் கேட்டார்களா, டிக். மன்னிப்பு கேட்டார்களா, டிக். நாளுக்கு அறுபது பேச்சு. ஃபோன் செய்தவர் அழுதாரா, கத்தினாரா, அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. முதல் வருடம் அவளும் ஒவ்வொன்றையும் கேட்டு மனம் உடைந்துகொண்டிருந்தாள். அப்புறம் பழகிவிட்டது. காது கேட்கும், கை டிக் போடும், மனசு வேறு எங்கேயோ இருக்கும்.

அப்பாவின் நோட்டையும் அப்படித்தான் திருத்தினாள். ஒரு பேச்சு முடிந்து அடுத்தது வருவதற்குள் இரண்டு நிமிடம் கிடைக்கும். சின்ஸ் சரியா, டிக். ஃபார் சரியா, டிக். மூன்றாம் வடிவ வினைச்சொல் சரியா, டிக்.

அன்று தேர்வுக்கு முந்தைய நாள். அதனால் சின்னவளுக்கு ஒரு யோசனை வந்தது. நோட்டிலிருந்து நல்ல வாக்கியமாகப் பொறுக்கி, தன் குரலில் ஃபோனில் பதிவு செய்து கொடுத்தால் அப்பா கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார் அல்லவா? மதியம் இரண்டு மணிக்கு இடைவேளை எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்தாள். நிறுத்தி நிறுத்தி, தெளிவாக. பிறகு சரியாக வந்திருக்கிறதா என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

முதல் வார வாக்கியங்கள் அழகாக வந்திருந்தன. இந்த பஸ்ஸைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். ஒரு நாளும் ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டு வந்ததில்லை. என் மனைவி எனக்கு இப்போதுதான் தேநீர் கொடுத்தாள்.

பிறகு அவளுடைய சொந்தக் குரல், தெள்ளத் தெளிவாக, அவள் காதில் ஆங்கிலத்தில் சொன்னது: திங்கட்கிழமையிலிருந்து என் இடது கண்ணில் சின்னச் சின்ன மின்னல் தெரிகிறது.

சின்னவள் பதிவை நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். திரும்பவும் அதேதான்.

நோட்டைப் புரட்டினாள். ஐந்து வாரத்துக்கு முந்தைய பக்கம். அந்த வாக்கியத்தின் பக்கத்தில் சிவப்பு மையில் டிக். அவள் போட்டதுதான்.

அடுத்த வாரப் பக்கம். இடது கண்ணில் கறுப்பு நூல் மிதக்கிறது, அது இன்னும் போகவில்லை. டிக்.

மூன்றாம் வாரம். கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்கிவிட்டது. டிக். ‘வெரி குட்’ என்று வேறு எழுதியிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் அப்பா ஒரு தப்பு செய்திருந்தார். ஒரு வாரமாக இடது கண் தெரியவில்லை என்று எழுதும்போது ஃபார் போட வேண்டிய இடத்தில் சின்ஸ் போட்டுவிட்டார். சின்னவள் அதைச் சுழித்து, மேலே ஃபார் என்று எழுதி, ஓரத்தில் குறிப்பும் கொடுத்திருந்தாள். ‘எத்தனை நாள்னா ஃபார், எந்த நாளிலிருந்துன்னா சின்ஸ். இனிமே மறக்காதீங்க!’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் வரைந்திருந்தாள்.

அந்த முகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

போன வாரம்: பஸ் கண்ணாடியை நானே உடைத்துவிட்டேன். பஸ் ஆயாதான் இரண்டு வாரமாக எனக்கு இடது கண்ணாக இருக்கிறாள், ‘லெஃப்ட்ல வரலாம், லெஃப்ட்ல ஆள்’ என்று கூடவே நின்று சொல்கிறாள். கடைசிப் பக்கம், நேற்று இரவு எழுதியது, இன்னும் டிக் விழாதது: ஆயாவுக்குக் காய்ச்சல், செவ்வாய்க்கிழமையிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பதிலாக வந்திருக்கும் புதுப் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இவ்வளவு பயம் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபத்தைந்து. இரண்டே முக்காலுக்கு பஸ் கிளம்பும். முப்பத்தாறு பிள்ளைகள். அதில் வாண்டு ஒருத்தி.

*

அப்பாவுக்கு ஃபோன் அடித்தாள். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சீட்டில் உட்கார்ந்ததும் ஃபோனை அணைத்து முன்பெட்டியில் போடுவது அவர் வழக்கம்.

பள்ளி அலுவலகத்துக்கு அடித்தாள்.

“வணக்கம், சொல்லுங்க” என்றது ஒரு குரல்.

“பஸ் டிரைவரோட பொண்ணு பேசறேன். அவர்கிட்ட அவசரமா…”

“டிரைவருங்க எல்லாம் வண்டில இருக்காங்கம்மா. விஷயத்தைச் சொல்லுங்க, நான் ஆள் அனுப்பிச் சொல்றேன்.”

விஷயத்தைச் சொல்ல வேண்டும். ‘எங்க அப்பாவுக்கு ஒரு கண் தெரியல, அவரை ஓட்ட விடாதீங்க.’ அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

சொன்னால் பத்தொன்பது வருட வேலை அந்த மூச்சிலேயே போய்விடும்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

“ஒண்ணும் இல்ல. நானே வரேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் செய்தது தப்புதான். பயந்தவர்களுக்குத் தப்பு செய்ய அரை நொடி போதும்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நோட்டு கையிலேயே இருந்தது.

“எங்கடி இந்த வெயில்ல தலைதெறிக்க?” என்றாள் அம்மா, மெஷினிலிருந்து தலை தூக்காமல்.

“மருந்துக் கடைக்கு. தலைவலி.”

“போறப்போ அப்படியே ஒரு வெள்ளை நூல்கண்டும் வாங்கிட்டு வா.”

டாக்ஸி கிடைக்கவே எட்டு நிமிடம் ஆனது. பள்ளி வாசலை எட்டும்போது இரண்டு ஐம்பது. வாசலில் காவலாளி இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“ஹாரன் வண்டியா? இப்பத்தாம்மா போச்சு. அதோ அந்தத் திருப்பத்துல புகை கூட இன்னும் இருக்கு பாரு.”

சின்னவள் திரும்ப டாக்ஸியில் ஏறினாள். அந்த வழித்தடம் அவளுக்கு மனப்பாடம். சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொல்லும் கதையெல்லாம் அந்த வழிதானே. முதல் இரண்டு நிறுத்தம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். குறுக்கு வழியில் போனால் மூன்றாவது நிறுத்தத்தில் பிடித்துவிடலாம்.

“பூங்கா முனைக்குப் போங்கண்ணே, கொஞ்சம் வேகமா” என்றாள் டாக்ஸிக்காரரிடம்.

“வேகமா போய் என்னம்மா ஆகப் போகுது? நிதானமா போனா எல்லாரும் வீடு போய்ச் சேரலாம்” என்றார் அவர். எல்லாரிடமும் சொல்வதுதான். அன்றைக்கு அது அவளைக் குத்தியது.

*

பூங்கா முனையில் நாலைந்து அம்மாக்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, நடைபாதை ஓரமாக நிறுத்தியிருந்தாள்.

மஞ்சள் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஓரமாக வந்தது. இன்னும் ஓரமாக வந்தது.

“தள்ளுங்க! வண்டியைத் தள்ளுங்க!” என்று கத்திக்கொண்டே சின்னவள் பாய்ந்து, தள்ளுவண்டியைப் பின்னால் இழுத்தாள். பஸ்ஸின் இடது முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி, டொப்பென்று இறங்கி நின்றது.

“என்ன டிரைவரே, தூக்கமா?” என்றாள் அந்த அம்மா. அப்புறம் சின்னவளைப் பார்த்து, “நல்ல வேளைம்மா” என்று சிரித்தாள். குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது.

கதவு திறந்தது. இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். புதுப் பெண் படியில் நின்று ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்னவள் அவளை விலக்கிக்கொண்டு ஏறினாள்.

“யாருங்க நீங்க? வெளி ஆளு ஏறக் கூடாது.”

“டிரைவர் பொண்ணு.”

“சித்தி!” என்று நாலாவது சீட்டிலிருந்து வாண்டு கை ஆட்டினாள்.

அப்பா திரும்பினார். கழுத்தை அல்ல, உடம்பையே திருப்பினார். அப்போதுதான் சின்னவளுக்குப் புரிந்தது, வீட்டில்கூட மூன்று வாரமாக அவர் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறார்.

“என்ன பாப்பா, நீ இங்க? அம்மாவுக்கு ஏதாவது…?”

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. வண்டியை ஆஃப் பண்ணுங்கப்பா.”

“இது முனை. பின்னால வண்டி வருது. இங்க நிறுத்தினா இடிச்சிடுவாங்க.” கியரைப் போட்டார். பஸ் நகர்ந்தது. “உக்காரு. பிள்ளைங்க பாக்குது.”

அவள் உட்காரவில்லை. இடது பக்க ஜன்னலோடு ஒட்டி நின்றாள்.

“அப்பா, நோட்டைப் படிச்சேன்.”

“ம்.”

“இன்னிக்குத்தான் படிச்சேன்.”

அப்பா சாலையைப் பார்த்தபடியே இருந்தார்.

“இன்னிக்குத்தானா?” என்றார். “தினமும் டிக் போட்டியே.”

“டிக் போட்டேன். படிக்கலப்பா.”

“வெரி குட்னு எழுதியிருந்தியே.”

அவள் கையிலிருந்த நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா?” அப்பாவின் குரல் கோபமாக இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. “தமிழ்ல சொல்ல வாய் வரல எனக்கு. உங்க அம்மா முகத்தைப் பாத்தா முழுங்கிடுவேன். இங்கிலீஷ்ல எழுதினா யாரோ எழுதற மாதிரி இருந்துச்சு, எழுதிட்டேன். மறுநாள் பாத்தா நீ திருத்தி வெச்சிருந்தே. சரி, பாப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் கேக்கல. வீட்டு நிலைமை தெரிஞ்ச பொண்ணு, தேர்வு முடியற வரைக்கும் பொறுத்துக்கப்பான்னு சொல்லாம சொல்றா போலன்னு நினைச்சேன்.”

“ஐயோ அப்பா…”

“தினமும் எழுதுவேன். நாளைக்காவது நீ கேப்பேன்னு…”

“லெஃப்ட்! அப்பா, லெஃப்ட்ல சைக்கிள்!”

பிரேக் கிறீச்சிட்டது. பின்னால் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் “ஓ…” என்றார்கள், ராட்டினத்தில் கத்துகிற மாதிரி. சைக்கிள்காரர் ஒரு கையை ஆட்டித் திட்டிக்கொண்டே போனார். அவர் உடம்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருந்திருக்கும்.

அப்பாவின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் வழிந்தது.

“பாப்பா” என்றார், உதடு அசைவது தெரியாமல். “இன்னொண்ணு இருக்கு. நோட்டுல எழுதாதது. காலையிலேருந்து வலது கண்ணுலயும் மின்னுது.”

முதலில் மின்னல், பிறகு நூல், பிறகு திரை. நோட்டில் வரிசையாக இருந்ததே. கத்தக் கூடாது, பின்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. நூறு அடில பெட்ரோல் பங்க் இருக்கு. உள்ள நிறைய இடம் இருக்கு. லெஃப்ட் நான் பாக்கறேன். மெதுவா வாங்க. லெஃப்ட்ல யாரும் இல்ல. வாங்க. ஒரு ஸ்கூட்டர் போகுது, போகட்டும். இப்ப வாங்க. திருப்புங்க. இன்னும். போதும்.”

பஸ் பங்க்குக்குள் போய், காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி சின்னவள் கையில் வைத்தார்.

“தாத்தா, பஸ்ஸுக்குத் தாகமா?” என்றாள் வாண்டு.

“ஆமாடா செல்லம். ரொம்ப நாளா தாகம்” என்றார் அப்பா.

முன்பெட்டியைத் திறந்து ஃபோனை எடுத்தார். சின்னவள் கை நீட்டினாள். “நான் பேசறேன்ப்பா.”

“வேணாம். ஓட்டினது நான்.”

பள்ளியின் போக்குவரத்து மேலாளரிடம் அவர் பேசியது அரை நிமிடம்கூட இல்லை. தமிழில்தான் பேசினார். “சார், எனக்கு ஒரு கண்ணு தெரியல. ஓட்டினது தப்பு. பிள்ளைங்க எல்லாம் பத்திரமா இருக்காங்க. வேற டிரைவர அனுப்புங்க.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. அப்பா மூன்று முறை “சரிங்க சார்” என்றார். மூன்றாவது முறை குரல் உள்ளே போய்விட்டது.

வேறு டிரைவர் வந்து பஸ்ஸை எடுத்துக்கொண்டு போகும்வரை அப்பா படியை விட்டு அகலவில்லை. தலைகளை எண்ணினார். ஒரு முறை எண்ணி, நம்பாமல் சின்னவளை மறுபடி எண்ணச் சொன்னார்.

*

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, ஒளி அடித்துப் பார்த்தார்கள். பெண் டாக்டருக்குச் சின்னவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முதலில் வலது கண்ணைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு இடது கண், அதைவிட ரொம்ப நேரம். சின்னவள் சுவரோடு சாய்ந்து நின்று, டாக்டரின் மூச்சு மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு அவளுக்கு வருடங்கள் ஆகியிருந்தன.

“வலது கண்ணுல விழித்திரை லேசா கிழிஞ்சிருக்கு” என்றார் டாக்டர். “இன்னும் பிரியல. இப்பவே லேசர் பண்ணி ஒட்ட வெச்சிடலாம். நாளைக்குன்னு தள்ளியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது.”

“இடது, டாக்டர்?”

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

“முழுசா பிரிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணுவோம். ஆனா பார்வை எவ்வளவு திரும்பும்னு என்னால வாக்கு கொடுக்க முடியாது. எப்ப ஆரம்பிச்சது?”

“அஞ்சு வாரம் ஆச்சுங்க” என்றார் அப்பா.

“அஞ்சு வாரமா? மின்னல் வந்த முதல் வாரமே வந்திருந்தா, வலது கண்ணு மாதிரி இதையும் பத்து நிமிஷத்துல முடிச்சு அனுப்பியிருப்பேனே. வீட்டுல யாருகிட்டயுமே சொல்லலையா?”

“இல்லீங்க” என்றார் அப்பா. “யாருகிட்டயும் சொல்லல. இவளுக்கும் தெரியாது. இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்.”

அவர் சின்னவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. டாக்டர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். நர்ஸ் வந்து அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மருந்தால் விரிந்த விழியோடு, ஒளி கூசி, தடவித் தடவி அவர் நடந்தார். கதவு மூடியது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

சின்னவளின் ஃபோன் அடித்தது. அம்மா.

அடிக்கவிட்டாள். நின்றது. மறுபடி அடித்தது.

“எங்கடி இருக்கே? மருந்துக் கடைக்குன்னு போய் மூணு மணி நேரம் ஆச்சு! வாண்டு வந்து பஸ் நின்னு போச்சுங்கறா, தாத்தாவும் சித்தியும் டாக்ஸில போனாங்கங்கறா. உங்க அக்கா இங்க வந்து நின்னுட்டிருக்கா, ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அவருக்கு என்னடி ஆச்சு?”

சின்னவள் சொன்னாள். வலது கண், லேசர், இடது கண், ஆபரேஷன், ஐந்து வாரம். குரல் உடையாமல், ஒன்று விடாமல் சொன்னாள். பின்னணியில் அக்கா ‘என்னவாம், என்னவாம்’ என்று கேட்பது கேட்டது.

“அஞ்சு வாரமா?” என்றாள் அம்மா கடைசியில். “ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அஞ்சு வாரமா ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல அந்த மனுஷன். கல்லு. கல்லுதான் அவரு. ஏண்டி, நீயாவது நோட்டு கீட்டுன்னு அவரோட ஒட்டிக்கிட்டு இருப்பே. உன்கிட்டகூடவா சொல்லல?”

ஆமாம்மா, சொல்லல. அப்பாவே அப்படித்தானே சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த வார்த்தை இருக்கிறது, எடுத்துக்கொண்டால் போதும். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

சின்னவள் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் உட்காரவில்லை.

“சொன்னாரும்மா” என்றாள். “அஞ்சு வாரமா தினமும் என்கிட்டதான் சொல்லிட்டு இருந்தாரு.”